அண்ணியும் கயிறு அவிழ்ந்த படகும்

காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தில் ஒருநாள் காலை, கயிறு அவிழ்ந்து மிதந்துகொண்டிருந்த எங்கள் படகின்மேல் ஒரு பெரிய லாஞ்சு, அதாவது விசைப்படகு, வந்து மோதியது. கரையில் நின்றவர்கள் எல்லாரும் வாயில் வந்ததைச் சொல்லிக் கத்தினார்கள். என் அண்ணன் சட்டையைக்கூடக் கழற்றாமல் தண்ணீரில் குதித்தான். மீன் கூடையோடு நின்ற அம்மா தலையில் அடித்துக்கொண்டார். அந்தக் கூச்சலுக்கு நடுவில் ஒரே ஒருவர் மட்டும் இரண்டு கைகளையும் தலைக்கு மேலே தூக்கிக் கைதட்டிக்கொண்டிருந்தார். அவர் என் அண்ணி. மோதல் வாங்கிய படகு அவருடைய குடும்பத்துப் படகு, குதித்தவன் அவருடைய புருஷன். கைதட்டியதற்கு என்ன காரணம் என்று அப்போது அங்கே இருந்த ஒருவருக்கும் புரியவில்லை, எனக்குக்கூடக் கொஞ்ச நேரம் கழித்துத்தான் புரிந்தது. அண்ணியைப் பற்றி யார் கேட்டாலும் எனக்கு முதலில் கண்ணுக்கு முன்னால் வருவது தூக்கிய அந்த இரண்டு கைகள்தான்.

அண்ணி எனக்கு அண்ணி ஆவதற்கு முன்பு வகுப்புத் தோழி. நான் இங்கே அவரை 'அவர்', 'இவர்' என்று எழுதுவதைப் படித்தால் விழுந்து விழுந்து சிரிப்பார். மீஞ்சூரைத் தாண்டி ஒரு பாலிடெக்னிக்கில் நாங்கள் இருவரும் மெக்கானிக்கல் படித்தோம். அவர் திருவொற்றியூர்க் கடலோரக் குப்பத்திலிருந்து வருவார், நான் காசிமேட்டிலிருந்து. இரண்டு வீட்டிலும் கடல் தொழில்தான். கும்மிடிப்பூண்டி லைன் ரயிலில் ஒரே பெட்டியில் போய் ஒரே பெட்டியில் திரும்புவோம். கடைசி வருடத்தில் என் அண்ணன் அடிக்கடி பாலிடெக்னிக் வாசலில் வந்து நின்றான். கடலுக்குப் போகாத நாளில் தம்பியைப் பார்க்க வருகிறேன் என்பான். அவன் என்னைப் பார்க்கத்தான் வருகிறான் என்று அந்த வட்டாரத்திலேயே நம்பிய ஒரே ஆள் நான்தான். படிப்பு முடிந்த கையோடு கல்யாணம் நடந்தது. நேற்றுவரை 'இன்னா பா, ரெக்கார்டு நோட்டு முடிச்சிட்டியா' என்று கேட்டவளை மறுநாள் காலையில் அண்ணி என்று கூப்பிட வேண்டியதாகிவிட்டது. அவரும் விடாமல் என்னைத் 'தம்பி' என்று கூப்பிட்டுக் கூப்பிட்டு வெறுப்பேற்றினார். இத்தனைக்கும் என்னைவிட அவர் இரண்டு மாதம் சின்னவர்.

படிப்பு முடிந்தது என்று சொன்னேன், ஆனால் அண்ணிக்கு ஒரே ஒரு பேப்பர் பாக்கி இருந்தது. அது மெக்கானிக்ஸ். மற்ற எல்லாவற்றிலும் வகுப்பில் அவர்தான் முதல். வரைபடம் போட்டால் வாத்தியார் அதைச் சுவரில் ஒட்டுவார். நானோ எல்லாவற்றிலும் கரையில் ஒதுங்கும் மதிப்பெண் வாங்கிப் பாஸ் செய்தவன், மெக்கானிக்ஸ் உட்பட. நான் பாஸ் செய்த பேப்பரில் அண்ணி ஃபெயில் என்பதை வீட்டில் யாராலும் நம்ப முடியவில்லை, முதலில் என்னாலேயே நம்ப முடியவில்லை. ரகசியம் இவ்வளவுதான். பொருள்கள் ஒன்றோடொன்று மோதும் கணக்கு, ஸ்பிரிங் அமுங்கும் கணக்கு என்று வந்தால் நான் சத்தமில்லாமல் அதைத் தாண்டி அடுத்த கேள்விக்குப் போய்விடுவேன். அண்ணி போகமாட்டார். புரியாத கணக்கை விட்டுவிட்டுப் போவது அவருக்கு மானப் பிரச்சினை. ஒவ்வொரு முறையும் அதையேதான் போடுவார், ஒவ்வொரு முறையும் தப்பாகப் போடுவார், மிச்சக் கேள்விகளுக்கு நேரம் இல்லாமல் போகும்.

திருவொற்றியூரில் ரயில் பெட்டிகளுக்கு இடிதாங்கி செய்யும் கம்பெனி ஒன்று அண்ணியைப் பயிற்சி வேலைக்குத் தேர்ந்தெடுத்து வைத்திருந்தது. இரண்டு பெட்டிகள் சந்திக்கும் இடத்தில் உருண்டையாக முன்னால் நீட்டிக்கொண்டிருக்குமே, அதுதான் இந்த இடிதாங்கி, பஃபர் என்பார்கள். உள்ளே கனமான ஸ்பிரிங் இருக்கும். டிப்ளமோ கைக்கு வந்தால் அடுத்த பேட்சில் சேர்ந்துகொள்ளலாம் என்று சொல்லியிருந்தார்கள். அந்த நேரம் பார்த்துப் பாடத்திட்டமும் மாறியது. பழைய பாடத்திட்டக்காரர்களுக்கு இதுதான் கடைசித் தேர்வு, இதிலும் போனால் அந்தப் பேப்பரே இல்லை என்று அறிவித்துவிட்டார்கள். பேப்பர் இல்லையென்றால் டிப்ளமோ இல்லை, டிப்ளமோ இல்லையென்றால் வேலை இல்லை.

அம்மா மோசமான மாமியார் கிடையாது. ஆனால் மனதில் இருப்பதை நேராகச் சொல்லிவிடுவார். காசிமேட்டில் ஏலத்தில் மீன் எடுத்து ராயபுரம் தெருக்களில் கூவி விற்று எங்கள் இருவரையும் வளர்த்தவர். ஒருநாள் சாப்பாட்டுத் தட்டை வைத்துவிட்டு அண்ணியைப் பார்த்துச் சொன்னார். "தோ பாருமே, இந்த ஒரு தபாதான். ஆச்சுன்னா வேலைக்குப் போ, நானே டப்பாவுல சோறு கட்டித் தரேன். ஆவலன்னா காலைல என்கூட ஏலத்துக்கு வந்துடு. வூட்ல குந்திகினு கண்ணக் கசக்கிகினு இருக்கக் கூடாது." அண்ணி, "சரி அத்தே" என்றார். அந்த இரண்டு வார்த்தைக்குப் பின்னால் எவ்வளவு பயம் இருந்தது என்பது எதிரே உட்கார்ந்திருந்த எனக்குத் தெரிந்தது. மீன் விற்பதில் அவருக்குக் கேவலம் ஒன்றும் இல்லை, அவருடைய அம்மாவும் மீன்தான் விற்றார். ஆனால் அந்தக் கம்பெனி வாசலைத் தாண்டும்போதெல்லாம் அவருடைய நடை கொஞ்சம் மெதுவாகும். உள்ளே ஏதோ ஓர் இயந்திரம் 'டங்' என்று அடிக்கும் சத்தம் ரோடு வரைக்கும் கேட்கும். அந்தச் சத்தம் எதனால் வருகிறது என்று தெரிந்துகொள்ளாமல் செத்துப்போனால் தன் ஆவி அங்கேயே சுற்றும் என்று ஒருமுறை என்னிடம் சொன்னார். விளையாட்டாகச் சொன்னதாகத்தான் வைத்துக்கொண்டேன், ஆனால் முகம் விளையாடவில்லை.

ஆகவே சாயங்கால நேரங்களில் நாங்கள் இருவரும் மொட்டை மாடியில் புத்தகத்தோடு உட்கார்ந்தோம். பாஸ் செய்தவன் என்ற ஒரே தகுதியில் நான் சொல்லிக்கொடுக்க வேண்டும் என்று ஏற்பாடு. அந்த ஏற்பாடு எவ்வளவு கேலிக்கூத்து என்பது எங்கள் இருவருக்கும் தெரியும், ஆனால் அம்மா எதிரில் காட்டிக்கொள்ளவில்லை. முரண்டுபிடித்த கணக்கு மிகச் சாதாரணமானது. வழுவழுப்பான தரையில் இரண்டு கிலோ எடையுள்ள வண்டி ஒன்று வினாடிக்கு மூன்று மீட்டர் வேகத்தில் ஓடிவருகிறது. எதிரே ஒரு கிலோ வண்டி ஒன்று நிற்கிறது. நிற்கும் வண்டியின் முன்பக்கத்தில் ஒரு ஸ்பிரிங், அதன் விறைப்பையும் கொடுத்திருந்தார்கள். ஓடிவரும் வண்டி ஸ்பிரிங்கின்மேல் மோதினால் அது அதிகபட்சம் எவ்வளவு அமுங்கும்? புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் விடை பத்து சென்டிமீட்டர் என்று இருந்தது. அண்ணிக்கு எப்படிப் போட்டாலும் பதினேழு வந்தது.

அவர் போட்ட முறையில் ஒரு நேர்மை இருந்தது. ஓடிவரும் வண்டியின் ஆற்றல் ஒன்பது ஜூல். ஸ்பிரிங் முழுசாக அமுங்கி முடிந்தால் வண்டி நின்றுவிடும். நின்றுவிட்டால் அந்த ஒன்பதும் ஸ்பிரிங்குக்குள்தானே போயிருக்க வேண்டும்? ஆற்றல் அழியாது என்று வாத்தியார் சொல்லிக்கொடுத்ததுதானே? புத்தகத்தில் போட்டிருந்த முறை வேறு. முதலில் உந்தம் மாறாது என்று ஒரு வரி, அதிலிருந்து இரண்டு வண்டிக்கும் பொதுவாக ஒரு வேகம், அதன்பிறகு ஆற்றல். நான் அந்த வரிகளைக் கிளிப்பிள்ளை மாதிரி ஒப்பிப்பேன், அண்ணி குறுக்கே விழுவார்.

"ஸ்பிரிங்கு ஃபுல்லா அமுங்கினப்புறம் வண்டி எப்டிப்பா ஓடும்? நிக்கணும்ல?"

"நிக்காது அண்ணி. ரெண்டும் சேந்து ஒரே வேகத்துல போவும்."

"அதான் ஏன் போவும்ன்றேன்?"

"ஃபார்முலா அப்டித்தான் கீது."

"உன் ஃபார்முலாவ கொண்டுபோய் அடுப்புல வையி. நீ பாஸானவன்தானே, எனக்குப் புரியற மாதிரி ஒரே ஒரு வார்த்த சொல்லு."

 எனக்கே தெரியாததை எங்கிருந்து சொல்ல? ஒப்பித்துவிடு, புரியவெல்லாம் வேண்டாம், பாஸ் ஆனால் போதும் என்று கெஞ்சினேன். அவரும் ஒப்பிக்கப் பார்த்தார். ஆனால் எண்ணைக் கொஞ்சம் மாற்றி வேறு கணக்கு கொடுத்தால் கை தானாகப் பழைய வழிக்குப் போய்விடும், பேனா ஸ்பிரிங்குக்குப் பக்கத்தில் 'வேகம் பூஜ்யம்' என்று எழுதிவிடும். தேர்வு நெருங்க நெருங்க அண்ணி பேசுவது குறைந்தது. அண்ணன் என்னைத் தனியாக இழுத்துக்கொண்டு போய், "இன்னாடா, தேறுமா தேறாதா?" என்று கேட்டான். நான் தேறும் என்றேன். பொய்தான் சொன்னேன், வேறு என்ன செய்ய?

அப்படி இருக்கும்போதுதான் அந்தக் காலை வந்தது. அண்ணன் விடிவதற்குள் கடலிலிருந்து திரும்பிப் படகை இறங்குதுறைக்குக் கொண்டுவந்திருந்தான். எங்களுடையது சின்ன ஃபைபர் படகு, கனம் அதிகம் இல்லை. மீனை இறக்கிவிட்டு, படகின் கயிற்றைப் பக்கத்து லாஞ்சின் கட்டையில் ஒரு சுற்றுச் சுற்றி மாட்டிவிட்டு டீ குடிக்கப் போனான். முடிச்சு போட்டேன் என்று இன்றுவரை சத்தியம் செய்கிறான், நாங்களும் இன்றுவரை நம்பவில்லை. அம்மா ஏலத்துக்கு வந்திருந்தார். கூடையைத் தூக்கிவிட அண்ணியும் நானும் கூட வந்திருந்தோம். கயிறு நழுவி, படகு யாருமில்லாமல் மெல்ல நகர்ந்து நடுத் தண்ணீருக்குப் போய் மிதந்ததை முதலில் யாரும் கவனிக்கவில்லை. கவனித்தபோது, மீன் ஏற்றிய பெரிய லாஞ்சு ஒன்று எஞ்சினை நிறுத்திவிட்டுப் பாய்ச்சலின் மிச்சத்தில் கரையை நோக்கி வந்துகொண்டிருந்தது. அதன் மூக்கில் வழக்கம்போல ஒரு லாரி டயர் தொங்கியது. நேராக எங்கள் படகு. கத்துவதைத் தவிர யாராலும் ஒன்றும் செய்ய முடியவில்லை.

டயர் எங்கள் படகின் வயிற்றில் பதிந்தது. எனக்கு அது இன்றைக்கும் மெதுவாக நடப்பது போலத்தான் தெரிகிறது. டயர் அமுங்கியது, நீள்வட்டமானது, இதோ படகு பிளக்கப்போகிறது என்று நான் கண்ணை மூடப் போனேன். பிளக்கவில்லை. டயர் ஓரளவுக்குமேல் அமுங்கவும் இல்லை. அமுங்கிய டயரை நடுவில் வைத்துக்கொண்டு லாஞ்சும் படகும் ஒன்றாக, ஒரே வேகத்தில், கொஞ்ச தூரம் சேர்ந்து நகர்ந்தன. பிறகு டயர் பழைய உருவத்துக்கு விரிந்தது. விரிந்த வேகத்தில் எங்கள் படகு லாஞ்சைவிட இரண்டு மடங்குக்கு மேல் வேகமாக முன்னால் பாய்ந்தது. லாஞ்சு கொஞ்சம் சோர்ந்துபோய்ப் பின்தங்கியது. அப்போதுதான் டீக்கடையிலிருந்து ஓடிவந்த அண்ணன் குதித்தான், அப்போதுதான் அண்ணி கைதட்டினார்.

"நிக்கல! தம்பி, நிக்கலப்பா! ரெண்டும் சேந்துகினு போச்சு, பாத்தியா? டயரு அமுங்கினப்போ ரெண்டும் ஒரே ஸ்பீடு!"

அம்மா கோபத்தோடு திரும்பினார். "இன்னாமே, புருசன் தண்ணில கீறான், நம்ம போட்டு கல்லாண்ட போவுது, நீ கை தட்டிகினு கீறே? கிறுக்கு புடிச்சிகிச்சா?"

கல் கொட்டிய கரையில் மோதுவதற்கு முன்பு வேறொரு படகுக்காரர் கொக்கிக் கம்பை நீட்டி எங்கள் படகை இழுத்துப் பிடித்துவிட்டார். அண்ணன் நனைந்த கோழியாக மேலே ஏறினான். படகுக்கு ஒரு கீறல்கூட இல்லை. சண்டை போடுவதற்குத் தயாராக லாஞ்சு டிரைவர் இறங்கி வந்தார், நடுத் தண்ணியில் படகை விட்டுவிட்டுப் போனது யார் என்று கேட்டு. அவரிடம் முதலில் போய் நின்றது அண்ணிதான்.

"அண்ணாத்த, உங்க லாஞ்சு எத்தினி டன்னு இருக்கும்?"

"டன்னு இன்னாத்துக்கு? கேசு போடப் போறியா?" என்று அவர் பின்வாங்கினார்.

"கேசு இல்ல அண்ணாத்த, கணக்கு!"

அதற்குமேல் அவர் நிற்கவில்லை. அண்ணி என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஐஸ் உடைக்கும் இடத்துக்குப் பக்கத்தில் காய்ந்த சிமெண்டுத் தரையில் உட்கார்ந்தார். கீழே கிடந்த செங்கல் துண்டை எடுத்தார். மூச்சு வாங்கியது, முகம் முழுக்கச் சிரிப்பு. "இத்தினி நாளா எதிர்ல கீற வண்டிய நான் கட்டிப்போட்டுகினு இருந்துகீறேன்பா!" என்றார். எனக்கு அப்போதுதான் உறைத்தது.

எங்கள் இடத்தில் 'படகு நிற்கிறது' என்றால் படகு கட்டியிருக்கிறது என்றுதான் பொருள். கட்டாத படகு நின்று நாங்கள் யாரும் பார்த்ததில்லை, அலையும் காற்றும் விடாது. கயிற்றைப் பற்றித் தனியாக யாரும் சொல்லவும் மாட்டார்கள், சொல்ல வேண்டியதும் இல்லை. புத்தகத்தில் 'எதிரே ஒரு வண்டி நிற்கிறது' என்று படித்ததும் அண்ணியின் மனது அதற்குத் தானாக ஒரு கயிற்றைப் போட்டுக் கரையோடு கட்டிவிட்டது. கட்டிய படகின்மேல் மோதினால் அவர் போட்ட கணக்குதான் சரி. மோதிய படகு நிற்கும், அத்தனை ஆற்றலும் டயருக்குள் போகும், டயர் சப்பையாகும். நூற்றுக்கணக்கான முறை கண்ணால் பார்த்ததைத்தான் அவர் எழுதியிருக்கிறார். மடமடவென்று கணக்குப் போடுகிற நகரத்துப் பிள்ளை எவனுக்கும் இந்தத் தப்பு வராது, ஏனென்றால் அவன் கண்ணில் கயிறே கிடையாது.

செங்கல் துண்டு தரையில் ஓடியது. கயிறு இல்லையென்றால் இரண்டு வண்டிகளையும் வெளியிலிருந்து பிடித்து நிறுத்த ஆள் இல்லை. ஆகவே ஓட்டத்தின் மொத்த அளவு, அதாவது உந்தம், குறைய வழியில்லை. இரண்டு கிலோவும் மூன்று மீட்டர் வேகமும், பெருக்கினால் ஆறு. மோதிய பின் அந்த ஆறை இரண்டு வண்டிகளும் சேர்ந்து சுமக்க வேண்டும். சேர்ந்தால் மூன்று கிலோ, ஆகவே பொது வேகம் இரண்டு. ஸ்பிரிங் முழுக்க அமுங்கிய நொடியிலும் இரண்டும் அந்த வேகத்தில் ஓடிக்கொண்டுதான் இருக்கின்றன. அந்த ஓட்டத்திலேயே ஆறு ஜூல் ஆற்றல் தங்கிவிட்டது. ஸ்பிரிங்குக்கு மிஞ்சியது மூன்றே ஜூல். மூன்று ஜூலுக்கு எவ்வளவு அமுங்கும்? பத்து சென்டிமீட்டர். புத்தகத்தில் இருந்த அதே பத்து! அண்ணி அதோடு நிற்கவில்லை. ஸ்பிரிங் விரிந்து வாங்கியதைத் திருப்பிக் கொடுத்த பிறகு என்ன ஆகும் என்றும் போட்டுப் பார்த்தார். பெரிய வண்டியின் வேகம் ஒன்றாகக் குறைந்தது, சின்ன வண்டி நான்கில் பாய்ந்தது. ஆற்றலைக் கூட்டினால் மறுபடியும் சரியாக ஒன்பது. எங்கள் படகு கல்லை நோக்கிப் பறந்ததும் லாஞ்சு சோர்ந்துபோனதும் அந்தத் தரையில் செங்கல் நிறத்தில் இருந்தது.

சுற்றி ஒரு சின்னக் கூட்டமே கூடிவிட்டது. அம்மா கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு குனிந்து பார்த்தார். எண்கள் புரியவில்லை, ஆனால் விஷயத்தைப் பிடித்துக்கொண்டார்.

"அப்ப நம்ம படக ஒயுங்கா கட்டியிருந்தா?"

"டயரு சப்பையாயி, போட்டு பொளந்திருக்கும் அத்தே."

அம்மா அண்ணனை மேலும் கீழும் பார்த்தார். "அப்ப இந்தச் சோம்பேறி கட்டாம போனதுதான் நல்லதா பூட்சா?" சொட்டச் சொட்ட நின்ற அண்ணன் அன்றைக்குச் சிரித்த சிரிப்பை இன்னும் மறக்கவில்லை நான். வீட்டுக்குத் திரும்பும் வழியெல்லாம் தன்னால்தான் அண்ணிக்குப் பாடம் புரிந்தது என்று பீற்றிக்கொண்டே வந்தான்.

தேர்வு நாளில் அண்ணன் கடலில் இருந்தான். நான் அப்போது திருவொற்றியூரில் ஒரு கண்டெய்னர் யார்டில் மேற்பார்வை வேலையில் இருந்தேன். லீவு போட்டுவிட்டு அண்ணியோடு போனேன். மூன்று மணி நேரம் வாசலில் வேப்ப மரத்தடியில் நின்று நகத்தைக் கடித்தேன். வெளியே வந்தவரின் முகத்தைப் பார்த்தால் ஒன்றும் தெரியவில்லை. ரயிலில் ஜன்னலோரம் உட்கார்ந்த பிறகுதான் சொன்னார், அந்தக் கேள்வி வந்தது, ஆனால் அப்படியே வரவில்லை என்று. ஓடிவரும் இரண்டு கிலோ வண்டி எதிரே இருக்கும் ஒரு கிலோ வண்டியில் மோதி அதோடு ஒட்டிக்கொள்கிறது. ஒட்டிய இரண்டும் சேர்ந்து ஓடி, சுவரில் பதித்த, முன்னதைவிட இரண்டு மடங்கு விறைப்பான ஒரு ஸ்பிரிங்கில் போய் முட்டுகின்றன. ஸ்பிரிங் எவ்வளவு அமுங்கும்?

"எவ்ளோ வந்துச்சு?" என்றேன்.

"இதுலயும் பத்து சென்டிமீட்டருதான்பா."

அவர் பையைத் தலைக்கு வைத்துக்கொண்டு கண்ணை மூடிவிட்டார். எனக்குச் சும்மா இருக்க முடியவில்லை. செல்போனில் கணக்குப் போட்டேன். ஒன்பது ஜூல் ஆற்றல், ஸ்பிரிங் சுவரில் கட்டியிருக்கிறது, ஆகவே முட்டி முடிந்ததும் வண்டிகள் நின்றுவிடும், ஆகவே ஒன்பதும் ஸ்பிரிங்குக்கு. விடை பன்னிரண்டு சென்டிமீட்டர். மறுபடி போட்டேன். பன்னிரண்டு. எண்ணூர் தாண்டி கத்திவாக்கம் வந்தது, மூன்றாம் முறையும் போட்டேன், அப்போதும் அதேதான். இந்த முறை சுவர் இருக்கிறதே, இந்த முறைதானே கட்டியிருக்கிறது, பழைய வழியில் போட்டிருந்தால் சரியாக இருந்திருக்குமே, புதிதாகக் கற்றுக்கொண்டதை இங்கே கொண்டுபோய்த் தப்பாகப் போட்டுவிட்டாரே என்று நினைத்தேன். ரயில் திருவொற்றியூரைத் தாண்டியபோது அவர் கண்ணைத் திறந்து கம்பெனி இருக்கும் பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டு மறுபடி மூடிக்கொண்டார். 

முடிவு வரும்வரை நான் வாயைத் திறக்கவில்லை. அண்ணி பாட்டு முணுமுணுத்துக்கொண்டு வீட்டு வேலை பார்த்தார். பாவம் என்று அவரைப் பார்க்கும்போதெல்லாம் மனது அடித்துக்கொண்டது. அம்மா ஒருநாள் எனக்குத் திருஷ்டி சுற்றிப் போட்டார், பையன் சரியாகச் சாப்பிடுவதில்லை என்று.

முடிவு ஒரு காலை நேரத்தில் இணையத்தில் வந்தது. வீட்டில் அண்ணியும் நானும் மட்டும். பதிவெண்ணைப் போட்டால் பக்கம் திறக்காமல் சுற்றிக்கொண்டே இருந்தது, ஊரில் இருக்கும் அத்தனை பேரும் அதே நேரத்தில் பார்த்திருப்பார்கள். ஒருவழியாகத் திறந்தது. மெக்கானிக்ஸ், பாஸ். மதிப்பெண்ணைப் பார்த்து நான் போனைக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோனேன். நான் வாங்கியதைப்போல இரண்டு மடங்குக்கு மேல் இருந்தது.  அண்ணி சுவரில் சாய்ந்து நின்று இரண்டு கைகளாலும் வாயைப் பொத்திக்கொண்டார், கண்ணிலிருந்து பொலபொலவென்று கொட்டியது. நானும் வெட்கமில்லாமல் அழுதேன். அழுதுகொண்டே அந்தப் பன்னிரண்டு சென்டிமீட்டரை ஒப்புக்கொண்டேன். அவர் கண்ணைத் துடைத்துவிட்டுச் சிரித்தார்.

"ஏம்பா, ரெண்டு வண்டியும் ஒட்டிக்கும்போது டமால்னு சத்தம் வருமே, பள்ளம் வியுமே, சூடு ஏறுமே, அதெல்லாம் யார் வூட்டு எனர்ஜி? அங்கயே மூணு ஜூலு பூட்சு. ஒட்டிக்கும்போது ரெண்டும் கட்டாம கீது, அதனால உந்தம் போட்டேன். வேகம் ரெண்டு, மிச்சம் ஆறு ஜூலு. அப்பால சுவத்துல முட்டும்போது சுவரு கட்டியிருக்குது, அங்க உந்தம் ஆவாது, அந்த ஆற அப்டியே ஸ்பிரிங்குக்குக் குடுத்தேன். மொதல்ல கயிறு எங்க கீதுன்னு பாக்கணும்பா. அவ்ளோதான் இந்தப் பேப்பரே."

அண்ணி அந்தக் கம்பெனியில் சேர்ந்து வருடங்கள் ஓடிவிட்டன. இன்றைக்கு இடிதாங்கிகளைச் சோதிக்கும் பிரிவு முழுக்க அவர் பொறுப்பில் இருக்கிறது. ரோடு வரைக்கும் கேட்ட அந்த 'டங்' சத்தம், கனமான பெட்டி ஒன்றைத் தண்டவாளத்தில் ஓடவிட்டு இன்னொரு பெட்டியின்மேல் மோதவைக்கும் சத்தம். அதை ஓடவிடச் சொல்வது இப்போது அண்ணிதான். புதிதாக வரும் பொறியியல் பட்டதாரிகளிடம் அவர் முதலில் சூத்திரம் கேட்பதில்லையாம், எது கட்டியிருக்கிறது, எது கட்டாமல் இருக்கிறது என்றுதான் கேட்பாராம். பெரும்பாலோர் முழிப்பார்கள் என்று சொல்லிச் சிரிப்பார். நான் மட்டும் என்ன, அவர்களோடு சேர்த்து என்னையும் நிற்கவைத்தால் நானும் முழிப்பேன்.

ஆனால் முடிவு வந்த அந்தக் காலையை இதோடு நிறுத்தினால் அம்மா என்னை வீட்டுக்குள் விடமாட்டார். அம்மா அப்போது காசிமேட்டில் ஏலத்தில் இருந்தார். முதலில் அத்தைக்குத்தான் சொல்ல வேண்டும் என்று அண்ணி பிடிவாதமாக இருந்தார். போனை நான் ஸ்பீக்கரில் போட்டேன். அந்தப் பக்கம் ஏலம் விடுபவரின் குரல் ராகம் போட்டுக் கேட்டது, நடுவில் அம்மாவின் அவசரக் குரல். "இன்னாடா, சீக்கிரம் சொல்லு, சங்கரா மீனு வந்துகீது."

"அத்தே, பாஸாயிட்டேன் அத்தே!" என்றார் அண்ணி.

 அம்மாவின் குரல் போனைக் கிழித்துக்கொண்டு வந்தது. "பாஸூ! என் மருமவ பாஸூ!" அங்கே நின்றிருந்தவர்கள் பிறகு சொன்னார்கள், அம்மா போன் வைத்திருந்த கையை அப்படியே வானத்துக்குத் தூக்கிவிட்டார் என்று. ஏலத்தில் கையைத் தூக்கினால் சொன்ன விலைக்கு எடுத்துக்கொள்கிறேன் என்று அர்த்தம், அதற்குமேல் பேச்சே கிடையாது. ஏலம் விடுபவர் ஒரு தரம், ரெண்டு தரம், மூணு தரம் என்று முடித்தது எங்களுக்குப் போனில் தெளிவாகக் கேட்டது. நான்கு பேர் சேர்ந்து எடுக்க வேண்டிய சங்கராக் குவியல் முழுவதும் அம்மாவின் பெயருக்கு விழுந்துவிட்டது.

"இன்னா தாயி, மொத்தமும் உனக்கா? எங்க கொண்டுபோய் விப்பே?" என்று ஏலக்காரர் கேட்டார்.

வாழ்க்கை முழுவதும் ஒரு கூடை மீனுக்கு அரைமணி நேரம் பேரம் பேசிய என் அம்மா, அன்றைக்குப் பேரமே பேசவில்லை. "ஆரு விக்கப் போறாங்க? இன்னிக்கு நான் மீனு விக்கல. அள்ளிப் போடுய்யா வண்டில, எல்லாத்தையும்!" என்றார்.

மூன்று சக்கர வண்டி நிறைய மீனோடு அம்மா தெருமுனையில் இறங்கியபோது அண்ணி ஓடிப்போய்க் காலில் விழப் பார்த்தார். அம்மா விடவில்லை, செதில் ஒட்டிய கையாலேயே அவரை இழுத்துக் கட்டிக்கொண்டார். பிறகு ஒவ்வொரு வீட்டு வாசலிலும் நின்று, பாத்திரம் கொண்டுவரச் சொல்லி, மருமகள் பாஸான செய்தியைச் சொல்லிச் சொல்லி மீனை அள்ளிப் போட்டார். அன்றைக்கு எங்கள் தெருவில் ஒரு வீட்டிலும் வேறு குழம்பு வைக்கவில்லை.